கோட்டுக்குள் போன பியர் போத்தல்

ஹென்றிக் என்ற அந்தப் போலந்துக்காரர் நான் கொடுத்த பியர் போத்தலை இரண்டு கையாலும் வாங்கினார். கோயிலில் ஐயர் கொடுக்கிற காளாஞ்சியை வாங்குகிற மாதிரி, அவ்வளவு மரியாதையாய். கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார். “குட். வெரி குட்” என்றார்.

மூடியைத் திறக்கவில்லை.

நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக் கராஜ். யூலை மாதம், மெல்பேர்ணில் அதுதான் குளிர்காலத்தின் நடு. வாசல் ஷட்டரை அரைவாசி இறக்கி விட்டிருந்தோம். உள்ளே ஒரு கூட்டம் ஆண்கள், மடக்குக் கதிரைகள், மேசையில் கச்சான் கடலை, மிக்சர், கடையில் வாங்கின ரோல்ஸ். எல்லார் கையிலும் பியர் இறங்கிக்கொண்டிருந்தது. ஹென்றிக்கின் கையில் மட்டும் அப்படியே நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன். அந்த மனிதர் அங்கும் இங்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீளக் கோட்டின் பொத்தானைக் கழற்றி, போத்தலை உள்ளே விட்டு, கமக்கட்டுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டார். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மற்றக் கையால் கச்சான் எடுத்துத் தின்றார்.

என் மனைவியின் தம்பி லிங்கம் என் காதுக்குக் கிட்ட வந்தான்.

“அத்தான், கண்டனீங்களே? ஆள் போத்தலை ஒளிச்சிட்டார்.”

“கண்டனான். பேசாமல் இரு.”

“வீட்டை கொண்டு போகப் போறாரோ?”

“கொண்டு போனால் எனக்குப் பெருமையடா. ஒரு பெட்டியே ஏத்தி விடுவன். இது அது இல்லை.”

அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அன்றைக்குக் கூடினது சும்மா ஒரு பியர்க் கூட்டம் இல்லை. என் மகள் ரஞ்சினிக்குக் கலியாணம் பேசின பின்னேரம் அது. ஹென்றிக், மாப்பிள்ளையின் தகப்பன்.

நான் கட்டின குளிர்

இந்தத் தொடரை முதலில் இருந்து படிக்கிறவர்களுக்கு நான் ஆர் என்று சொல்லத் தேவையில்லை. புதிதாய்ப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், என் பெயர் ராசா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இந்த நாட்டில் வந்து இறங்கும்போது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். டண்டினோங்கில் ஒரு தகரத் தொழிற்சாலையில் கூலியாய் நின்றேன். பிறகு சொந்தமாய்ப் பட்டறை போட்டேன்.

டண்டினோங் தொடக்கம் கிளேட்டன் வரை எந்தச் சாப்பாட்டுக் கடைக் குசினிக்குள் போனாலும் தலையை நிமிர்த்திப் பாருங்கள். அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற எவர்சில்வர் கூண்டு இருக்கும். அதில் பாதி என் கை வளைத்தது. மற்றப் பாதி என்னுடையதைப் பார்த்து வேறு ஆட்கள் வளைத்தது.

கராஜில் நிற்கிற பிரிட்ஜையும் சும்மா பிரிட்ஜ் என்று நினைக்க வேண்டாம். ஆரோ தெருவோரத்தில் எறிந்துவிட்டுப் போனதை நான் தூக்கி வந்தேன். காஸ் அடித்து, கதவுக்குப் புது ரப்பர் போட்டு, குளிரைக் கட்டுப்படுத்துகிற சின்னப் பெட்டியைக் கழற்றி என் விருப்பத்துக்குத் திருகி வைத்தேன். பியர் கட்டிபடுகிறதுக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும். போத்தலை வெளியே எடுத்தால் புகை பறக்கும். ராசா வீட்டுப் பியர் மாதிரிக் குளிர் நோபல் பார்க்கில் வேறு எங்கும் இல்லை என்று பேச்சு. கோடையிலும் அதே குளிர்தான், மாரியிலும் அதே குளிர்தான். வருகிறவருக்குச் செய்கிற மரியாதையில் காலநிலை பார்க்கக்கூடாது என்பது என் கொள்கை.

குடி கராஜோடு சரி. என் மனைவி தவம் போட்ட சட்டம் அது. வெள்ளியும் செவ்வாயும் சைவம். மற்ற நாட்களில் மீன், முட்டை, ஆட்டிறைச்சி எல்லாம் அவளுடைய குசினியில் வேகும். ஆனால் ஒரு சொட்டுக் குடி குசினி வாசலைத் தாண்டக்கூடாது. குசினி மூலையில்தான் சாமித்தட்டு. வெறும் பியர்க் கிளாஸைக் கழுவக்கூட உள்ளே விடமாட்டாள்; வெளியே தோட்டத்துக் குழாயில்தான் கழுவ வேண்டும். இதைப் படிக்கிற எத்தனையோ பேர் இப்போது தங்கள் வீட்டுக் குழாயை நினைத்துச் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆடம், அதுதான் ஹென்றிக்கின் மகன், ரஞ்சினியோடு கிளேட்டனில் ஒன்றாய்ப் படித்த பிள்ளை. இரண்டு பேரும் மருந்து கொடுக்கிற படிப்பு. நல்ல பிள்ளை. முதல் தரம் வீட்டுக்கு வந்தபோதே சப்பாத்தை வாசலில் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்தவன். தகப்பன் பெண்சாதியை இழந்தவர். மகன்தான் அவருக்கு எல்லாம். எனக்கும் விருப்பம்தான் என்று தவத்துக்குச் சொல்லியிருந்தேன். தகப்பனைக் கண்டு கதைத்துவிட்டு ஓம் சொல்கிறது என்று இருந்தேன்.

திறக்காத சோடா

அந்த ஓம் ஏன் தொண்டைக்குள் நின்றது என்று விளங்க வேண்டுமானால் வேறு ஒரு போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊரில் எங்கள் தகப்பன், எங்களுக்கு அப்பு, செய்த தொழிலை நான் இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வாசல் படலைக்குள் பெரிய மனிதர்கள் வருவார்கள். வேலை சொல்ல வருவார்கள். மர வாங்கில் இருப்பார்கள், பகிடி விடுவார்கள், அப்புவின் தோளில் தட்டுவார்கள். தண்ணி மட்டும் குடிக்க மாட்டார்கள். “இப்பத்தான் குடிச்சிட்டு வாறம்” என்பார்கள். எந்த நேரம் வந்தாலும் அவர்கள் இப்போதுதான் குடித்திருப்பார்கள்.

அதற்காகவே அம்மா கடையில் சோடா வாங்கி வைத்திருப்பா. மூடி திறக்காத போத்தல். அதற்குள் இருப்பது எங்கள் கை படாத தண்ணி. அதைச் சில பேர் குடிப்பார்கள். சில பேர் அதையும் கையில் வாங்கி, வைத்திருந்து, எழும்பிப் போகும்போது வாசலில் நிறைய வைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் போத்தலை அம்மா எங்களுக்குத் தரமாட்டா. எவ்வளவு அழுதாலும் தரமாட்டா. கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவா. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

கடல் தாண்டி வந்து, வீடு வாங்கி, கராஜ் கட்டி, பிரிட்ஜைத் திருகி வைத்தவன் நான். என் வீட்டில் வந்து ஒருவர் குடிக்கவில்லை என்றால் அந்த வாசல்தான் எனக்குத் தெரியும். வேறு எவனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

பெயின்ற் பேணிக்குப் பக்கத்தில்

கராஜுக்குள் கதை நல்லபடியாகத்தான் போனது. ஹென்றிக் சிரித்தார். என் பழைய தகடு வளைக்கிற மெஷினைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒரு விஷயம் எனக்கு விசித்திரமாய் இருந்தது. எல்லாரும் செருப்போடு நிற்க, அவர் மட்டும் சப்பாத்து இல்லாமல், வெறும் கால்மேஸோடு கொங்கிரீட் நிலத்தில் நின்றார். ஒரு காலை மற்றக் காலின் மேல் வைத்து வைத்து மாற்றிக்கொண்டு நின்றார். கேட்க வாய் வந்தது. சம்பந்தியாகப் போகிறவரிடம் காலைப் பற்றிக் கேட்கிறது அழகில்லை என்று விட்டுவிட்டேன்.

தவம் உள்ளே தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிற நேரம் ஆடமுக்கு வேலை இடத்திலிருந்து போன் வந்தது. ஆரோ வேலைக்கு வரவில்லை, உடனே வா என்றார்களாம். தகப்பனும் மகனும் ஒரே காரில் வந்தவர்கள். அவசரமாய்ப் புறப்பட்டார்கள். ஹென்றிக் எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு நான் போத்தல்களைப் பொறுக்கினேன். சுவர்த் தட்டில், பெயின்ற் பேணிக்குப் பக்கத்தில், விழாதபடி உள்ளுக்குத் தள்ளி வைத்திருந்தது அவருடைய போத்தல். மூடி அசையவில்லை. நிறைய இருந்தது. தொட்டால் இளஞ்சூடு. அந்தச் சூடு எனக்கு அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் நான் வாயைத் திறந்தேன்.

“அந்த மனிசன் எங்கடை வீட்டிலை ஒண்டும் குடிக்கேல்லை.”

“ஆடமுக்கு வேலை வந்திட்டுது அப்பா. எமர்ஜென்சி.”

“அதுக்கு முதல் எவ்வளவு நேரம் போத்தலை வைச்சிருந்தவர்? திறக்கேல்லை. கோட்டுக்குள்ளை ஒளிச்சவர்.”

தவம் சொன்னாள்: “ரெண்டு ரோல்ஸ் சாப்பிட்டவரெண்டு லிங்கம் சொன்னவன்.”

“ரோல்ஸ் கடையிலை வாங்கினது.”

ரஞ்சினி கரண்டியைக் கீழே வைத்தாள். “ஓ மை கோட். அப்பா, ஹி இஸ் போலிஷ்! உங்கடை சாதி அவருக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியாட்டிலும் குடிக்கேல்லைத்தானே.”

“திஸ் இஸ் கிரேஸி.”

“கிரேஸியோ என்னவோ. என்ரை வீட்டுப் போத்தலைத் திறக்காத வீட்டுக்கு என்ரை பிள்ளை போகாது.”

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. எனக்குப் பிறந்த பிள்ளைதானே, நிமிர்ந்து இருந்து நல்ல தமிழில் சொன்னாள்: “நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் நான் எழுத மாட்டன். வேறை ஒருதரையும் எழுதவும் மாட்டன். இருங்கோ. ரெண்டு பேரும் இப்பிடியே இருப்பம்.”

எழுத்து என்று நாங்கள் சொல்வது கலியாணப் பதிவு. அவள் பதிவு செய்யாமல் இருந்துவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளுடைய பிடிவாதம் எந்தப் பட்டறையில் அடித்தது என்று எனக்குத் தெரியும்.

பிறகு வீடு பிரிட்ஜுக்குள் வைத்த மாதிரி ஆகிவிட்டது. ரஞ்சினி வேலைக்குப் போவாள், வருவாள், எனக்கு முன்னால் தேத்தண்ணியை வைப்பாள், போவாள். ஒரு சொல் இல்லை. ஆடமின் போன் வந்தால் தோட்டத்துக்குப் போய்க் குளிருக்குள் நின்று கதைப்பாள். சிரிக்கிற சத்தம் முந்தி மாதிரிக் கேட்காது. தவம் ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அந்த மனிசன் போகேக்கை என்ரை கையைப் பிடிச்சவர். ஐஸ் மாதிரிக் கை. உங்கடை கராஜுக்குள்ளை நிண்டு விறைச்சுப் போச்சுது பாவம்.”

எடுத்த முடிவிலிருந்து இறங்கிப் பழக்கம் இல்லாதவன் நான். அப்படி இறங்கிப் பழகியிருந்தால் இந்த நாட்டில் இவ்வளவு ஏறியிருக்க முடியாது.

கம்பியோடு ஒரு மனிதர்

ஒரு சனிக்கிழமை காலை. பட்டறைக்குள் நானும் லிங்கமும்தான். லிங்கம் ஷட்டர் பக்கம் போனவன் ஓடி வந்தான்.

“அத்தான், அந்தப் போலந்துக்காரன் வாறான். கையிலை கம்பி!”

பார்த்தேன். உண்மைதான். அதே நீளக் கோட்டு. கையில் பேப்பரால் சுற்றின ஒரு நீட்டு இரும்புக் கம்பி. முனை வெளியே தெரிந்தது. இரண்டு பொக்கற்றும் ஏதோ பாரத்தில் தொங்கின. லிங்கம் சுத்தியலைத் தூக்கிவிட்டான்.

“வையடா அதை. சம்பந்தி ஆகாட்டிலும் வயசான மனிசன்.”

ஹென்றிக் நேரே என் வேலை மேசைக்கு வந்தார். கம்பியை வைத்தார். ஒரு பொக்கற்றிலிருந்து ஒரு பியர் போத்தல், மற்றதிலிருந்து இன்னொன்று. உள் பொக்கற்றிலிருந்து ஒரு பெரிய எனாமல் பேணி. லேஞ்சியை எடுத்துப் பேணியை உள்ளும் புறமும் துடைத்தார்.

“மிஸ்டர் ராசா. பயர் இருக்கோ?” என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் பேசினது இங்கிலீஷ் என்றுதான் நினைக்கிறேன். அவருடையது போலந்து வழியாய் வந்தது. என்னுடையது டண்டினோங் தொழிற்சாலை வழியாய் வந்தது. ஆனாலும் ஒரு சொல் வீணாகவில்லை. விளங்கினதைத் தமிழில் தருகிறேன்.

“மகன் சொன்னவன். நான் உங்கடை வீட்டிலை குடிக்கேல்லை. உங்களுக்குக் கோபம்” என்றார்.

“ஓம். கோபம்.”

“எங்கடை ஊரிலையும் அப்பிடித்தான். குடிக்காமல் போனால் கோபம். அது சரியான கோபம்.” தலையை ஆட்டினார். “இப்ப பயர் தாங்கோ.”

கம்பியை எடுத்துப் பார்த்தேன். வேறு எதில் விட்டாலும் இரும்பில் நான் ஏமாற மாட்டேன். பெருவிரல் அளவுக்குத் தடிப்பு. ஒரு முனையில் பிடிக்க வளையம். மறுமுனை பாவித்துப் பாவித்து மழுங்கிக் கறுத்திருந்தது. துத்தநாகம் பூசின கம்பி என்றால் நெருப்புக் காட்டவே விடமாட்டேன், நஞ்சுப் புகை வரும். இது சுத்த இரும்பு.

வெல்டிங் விளக்கை மூட்டி, கம்பியின் முனைக்குக் காட்டினேன். ஹென்றிக் போத்தலைத் திறந்து பேணிக்குள் முக்கால்வாசிக்கு ஊற்றிவிட்டுக் காத்து நின்றார். கம்பி கறுப்பிலிருந்து மண்நிறத்துக்கு வந்து, செம்பரத்தம் பூ நிறத்துக்கு ஏறியது.

“போதும்” என்றார். அந்த நிறத்தில்தான் நானும் நிறுத்தியிருப்பேன்.

கம்பியை வாங்கி, மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிச் செதிலை உதிர்த்துவிட்டு, நேரே பியருக்குள் இறக்கினார்.

ஒரு பெரிய தோசைக் கல்லில் தண்ணி தெளித்த சத்தம். நுரை பொங்கி விளிம்பு வரைக்கும் வந்து, மண்நிறமாய் நின்றது. ஆவி எழும்பி அவருடைய மீசையை மறைத்தது. பட்டறை முழுக்க மணம்.

“அத்தான், சீனிப்பாணி காய்ச்சின மணம்” என்றான் லிங்கம். சுத்தியல் எப்போது கீழே போனது என்று அவனுக்கே தெரியாது.

ஹென்றிக் கண்ணை மூடிக்கொண்டு பாதியைக் குடித்தார். மீசையைத் துடைத்தார். பேணியை என்னிடம் நீட்டினார்.

அதே பேணி. அவர் வாய் வைத்த அதே விளிம்பு. லிங்கம் என்னைப் பார்த்தான். நாங்கள் தண்ணிச் செம்பை வாயில் படாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்த சனம். எங்களில் ஒருவருக்கு ஒருவர் எச்சில் கொடுக்கிறதென்றால் தாயும் பிள்ளையும், இல்லாவிட்டால் புருஷனும் பெண்சாதியும்.

வாங்கிக் குடித்தேன். இளஞ்சூடு. முதலில் கசப்பு, அதற்குப் பின்னால் கருகின ஒரு இனிப்பு. தொண்டையால் இறங்கி நெஞ்சுக்குள் போய் அங்கேயே கால் நீட்டி இருந்தது. என் பிரிட்ஜிலிருந்து எத்தனையோ போத்தல் குடித்திருக்கிறேன். ஒன்றுக்கும் இப்படி ஒரு வாசனை இருந்தது இல்லை. குளிரில் நாக்கு விறைத்தால் வாசனை எங்கே தெரியப்போகிறது?

பேணியைக் கீழே வைக்கப் போனேன். ஹென்றிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் குடித்த மிச்சத்துக்காக. கொடுத்தேன். வாங்கி, மிச்சத்தை முடித்தார்.

என் வாழ்நாளில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கை நீட்டி நின்றதில்லை. கண் கலங்கினது விளக்கு வெளிச்சத்தால் என்று லிங்கத்துக்குச் சொன்னேன். விளக்கு அணைந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

பிறகுதான் கேட்டேன். “அண்டைக்கு ஏன் கோட்டுக்குள்ளை வைச்சனீங்கள்?”

அவர் மற்றப் போத்தலை எடுத்து, என் ஜக்கெற்றைத் திறந்து, என் கமக்கட்டுக்குள் வைத்து, என் கையை மடக்கி இறுக்கிவிட்டார். நான் துள்ளிவிட்டேன். லிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான்.

“பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ” என்றார். “அப்பா காட்டிலை மரம் வெட்டினவர். காட்டிலை எங்கை அடுப்பு? போத்தலை இப்பிடித்தான் வைப்பார். மரம் விழுகிற நேரம் பியர் சரியா இருக்கும்.”

இந்த நாட்டில் அவருக்குக் கிடைத்தது இறைச்சியை உறைய வைக்கிற குளிரறையில் வேலை. வேலை முடிகிற வயது வரைக்கும் அதற்குள்தான் நின்றார். குளிர்ந்தது எது உள்ளே போனாலும் இப்போது அவருக்கு நெஞ்சு இறுகிவிடும். வீட்டில் பியரைச் சூடாக்காமல் குடிப்பதே இல்லை.

“உங்கடை பியர்...” என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். “அது பியர் இல்லை, மிஸ்டர் ராசா. நான் வேலை செய்த அறை அது. தொட்ட உடனை பயம் வந்திட்டுது.”

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! சுடுதண்ணி தந்திருப்பனே.”

“ஆடம் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தவன். தந்ததை வாங்கு. ஒண்டும் கேக்காதை. குசினிப் பக்கம் போகாதை, அங்கை கடவுள் இருக்கு. சப்பாத்தைக் கழட்டு.” நாலு விரலை மடக்கிக் காட்டினார். “எல்லாம் செய்தனான். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் குடிச்சிருப்பன். போன் வந்திட்டுது.”

வெறும் மேஸோடு கொங்கிரீட்டில் நின்ற அந்தக் கால்கள் எனக்கு முன்னால் வந்தன. எங்கள் வீட்டுக்கு மரியாதை செய்யத்தான் அந்த மனிதன் விறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

கமக்கட்டுக்குள் போத்தலோடு போனடிக்குப் போய், ரஞ்சினியின் வேலை இடத்துக்கு எடுத்தேன்.

“பிள்ளை, நாளைக்கு ஆடமையும் தேப்பனையும் வரச் சொல்லு.”

போனை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

“கேக்குதோ?”

“கேக்குது அப்பா.” குரல் உடைந்து வந்தது. “என்னத்துக்கு?”

“குடிக்கத்தான்.”

சூடாக்குகிற வகைகள்

பிற்பாடு ஹென்றிக்கோடு பழகிப் படித்ததை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களில் நெஞ்சுச் சளிக்காரர் இருந்தால் பிரயோசனப்படும்.

பியரைக் கொதிக்க விடவே கூடாது. கொதித்தால் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். மூடி திறக்காத போத்தலை அடுப்பில் வைத்தால் வெடிக்கும்; லிங்கம் செய்து பார்த்தவன், சுவரில் அடையாளம் இன்னும் இருக்கிறது. சுகமான வழி, வாளியில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணி விட்டு, திறந்த போத்தலைக் கழுத்தளவுக்கு நிற்க வைப்பது.

ஹென்றிக் வீட்டில் இன்னொரு சாமான் இருந்தது. மூடி போட்ட மெல்லிய தகரக் குழாய். அதற்குள் சுடுதண்ணியை ஊற்றி இறுக்கி மூடி, பியர்க் கிளாஸுக்குள் தொங்கவிடுவார்கள். ஒரு சொட்டுத் தண்ணி கலக்காது. கிளாஸ் மெல்ல மெல்லச் சூடாகும். பழசு, ஒழுகிக்கொண்டிருந்தது. நான் எவர்சில்வரில் புரி மூடியும் கொளுக்கியும் வைத்து ஒன்று செய்து கொடுத்தேன். அது ஒழுகவில்லை. என் கையால் செய்த எதுவும் ஒழுகாது.

ஆனால் குளிர்காலத்தின் நடுவில், இருமல் பிடித்தால், அவர்கள் செய்கிறது வேறு. அதை நான் முதன்முதலில் கேட்டது அந்த ஞாயிற்றுக்கிழமை.

குசினி வாசல்

ஞாயிறு பின்னேரம் இரண்டு பேரும் வந்தார்கள். ஹென்றிக் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். என் காலில் கிடந்த கம்பளிச் செருப்பைக் கழற்றி அவருக்கு முன்னால் போட்டேன். அவர் என் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், போட்டுக்கொண்டார்.

கராஜில் வாளி, கேத்தில் எல்லாம் ஆயத்தமாய் வைத்திருந்தேன். ஆனால் மனிதருக்கு இருமல். முதல் நாளே பிடித்திருக்க வேண்டும். ஹோலில் இருந்தபடி இருமி இருமி, வீட்டில் இருமலுக்குத் தாங்கள் என்ன செய்கிறது என்று ரஞ்சினிக்குக் கையால் காட்டிச் சொன்னார். முட்டையின் மஞ்சள் கரு, சீனி, அடிக்கிறது, கராம்பு, சூடான பியர்.

குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தவம் கேட்டாள்: “என்னவாம்? மஞ்சள் கருவையும் சீனியையும் அடிச்சு, சூடா ஊத்துறதாமோ?”

“ஓம் அம்மா. வித் பியர்.”

“அது எங்கடை முட்டைக்கோப்பியெல்லோ!”

முட்டைக்கோப்பி தெரியாதவர்கள் யாழ்ப்பாணத்தில் தடிமன் பிடிக்காதவர்கள். மஞ்சள் கருவைச் சீனியோடு வெளிறும் வரைக்கும் அடித்து, கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை விட்டு ஆற்றித் தருவது. எங்கள் வீட்டில் தடிமன் வந்தால் முதல் மருந்து அதுதான், பனடோல் அதற்குப் பிறகு.

தவம் கொஞ்ச நேரம் ஹென்றிக்கைப் பார்த்தாள். அவர் இருமினார். சாமித்தட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போத்தலோடு நின்ற என்னிடம் கையை நீட்டினாள்.

“கொண்டாங்கோ உதை.”

“எதை?”

“உந்தப் போத்தலைத்தான் மனிசா.”

கராஜ் கதவடியில் நின்ற லிங்கத்தின் வாய் திறந்தது. “அக்கா, அது பியர்!”

“ஆர் சொன்னது பியர் எண்டு? இது கோப்பி. நீ வாயை மூடு.”

போத்தல் வாசலைத் தாண்டிப் போனது. பால் காய்ச்சுகிற சட்டியில் ஊற்றினாள். இரண்டு கராம்பு, ஒரு துண்டுக் கறுவாப்பட்டை. ஓரத்தில் ஆவி பறந்ததும் இறக்கினாள். கோப்பையில் மஞ்சள் கருவையும் சீனியையும் போட்டுக் கரண்டியால் அடித்தாள். வளையல் சத்தம் ஹோல் வரைக்கும் கேட்டது. ஒரேயடியாய் ஊற்றினால் முட்டை திரைந்துவிடும்; நூல் மாதிரி விட்டு விட்டு அடித்தாள். ரஞ்சினி பக்கத்தில் நின்று சட்டியைச் சரித்துக் கொடுத்தாள். இரண்டு பேருடைய முகத்திலும் சிரிப்பு ஒளித்திருந்தது.

விருந்தாளிக் கோப்பை, கீழே தட்டு. குசினி வாசலில் நின்று நீட்டினாள்.

ஹென்றிக் எழும்பிப் போய் இரண்டு கையாலும் வாங்கினார், அன்றைக்கு வாங்கின அதே மாதிரி. அதே மாதிரி கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. சிரிக்காதீர்கள். பட்டறையில் அவர் குடித்தது அவருடைய பியர். இது என் வீட்டில் என் பெண்சாதி கொடுத்தது.

குடித்தார். நிறுத்தாமல் குடித்தார். கோப்பை சரிந்து சரிந்து அவருடைய முகத்தை மறைத்தது. இறக்கும்போது மீசை முழுக்க மஞ்சள் நுரை. கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. பிறகு நிமிர்த்தி, தவத்துக்கு முன்னால் திரும்ப நீட்டினார்.

ஆடம் ரஞ்சினியைப் பார்த்தான். ரஞ்சினி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுத் தலைவன் பேசுகிற குரலில் தொடங்கினேன்.

“சரி, அப்ப எழுத்துக்கு ஒரு நாள் பாப்பம், என்ன?”

தவம் அடுத்த முட்டையைக் கோப்பை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தாள்.

“பொறுங்கோப்பா” என்றாள். “முதல்லை அந்த மனிசன் குடிச்சு முடிக்கட்டும்.”